அடையும் நஞ்சும்

சவரிராயனுக்கு அறுபத்தொரு வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு.

சவரிராயன் பாதிரியாருக்குப் படிப்பவர்களின் குருமடத்தில் முப்பது ஆண்டுகள் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். கருவியல் சொற்களுக்குத் தமிழ் அகராதி தொகுக்கும் வேலையை ஒரு குழு அவரிடம் ஒப்படைத்திருந்தது. மளமளவென்று போன வேலை ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. பிள்ளை பிறந்த பின்னால் தாயின் வயிற்றிலிருந்து விழுகிற சதைக்கான சொல் அது.

லத்தீனில் அதற்குப் பிளசென்டா என்று பெயர். தட்டையான அடை என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் உடல்களை அறுத்துப் பார்த்த இத்தாலியர் ஒருவர் அதன் வடிவத்தைக் கண்டு அப்படி எழுதிவைத்தார். ஆங்கிலேயரும் ஸ்பானியரும் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மானியரும் டச்சுக்காரரும் தங்கள் மொழியில் 'தாயடை' என்றார்கள். ஹங்கேரியர் 'கருப்பையடை' என்றார்கள்.

தமிழிலோ, நஞ்சு.

அந்தச் சொல்லை அடித்துவிடும்படி குழு சொன்னது. அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கை வரவில்லை. அந்தச் சதையோடு தினமும் புழங்குகிறவர்களைக் கேட்காமல் அடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

விசாரித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். செவிலியர் மாணவிகளுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுத்தரும் பூங்கோதையிடம், தன்னையும் மாணவனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். பிறகு கேள்வியைச் சொன்னார்.

"பத்து மாதம் பிள்ளைக்குச் சோறு ஊட்டினதை நாம ஏன் டீச்சர் நஞ்சுன்னு சொல்றோம்?"

 மறுநாள் காலையில் பூங்கோதை அவரைப் பிரசவ வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

பெஞ்சில் ஒச்சம்மாள் என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்தது அவள் மகள். பதினொரு மணிக்குக் குழந்தையின் அழுகை கேட்டது. சவரிராயன் எழுந்து, நல்லபடியாக முடிந்தது என்று வாழ்த்தினார். அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் நஞ்சு விழலை, சாமி."

துணியில் சுற்றிய பேரனை ஒரு செவிலி கொண்டுவந்து நீட்டினாள். ஒச்சம்மாள் கைநீட்டவில்லை. அந்தச் செவிலியே பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கால்மணி நேரம் போயிற்று. அரைமணியும் போயிற்று. டாக்டர் ஒருவர் ஓடிவந்து உள்ளே நுழைந்தார். யாரோ ரத்தப் பையோடு பின்னால் ஓடினார்கள்.  சவரிராயனுக்கு எந்த மொழியிலும் ஒரு ஜெபம்கூட முழுதாக வரவில்லை.

கடைசியில் பூங்கோதை வெளியே வந்தார். முழங்கை வரை ஈரம்.

"விழுந்துடுச்சும்மா. முழுசா விழுந்துடுச்சு. உன் மக கண்ணு முழிச்சுட்டா."

ஒச்சம்மாள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்காக இரண்டு கையையும் நீட்டினாள். 

அடுத்த வாரம் குழு கூடியபோது பூங்கோதையையும் அழைத்துக்கொண்டு போனார். சொல்லை அடிக்க முடியாது என்றார். குழுத்தலைவர் நிதானமானவர். தாய்மையை இழிவுபடுத்தும் சொல் அச்சேறக் கூடாது என்று விளக்கினார். பிறகு, அகராதியில் இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம் என்றார்: ஒன்று அந்தச் சொல், இல்லையென்றால் தொகுப்பாசிரியர் பெயர்.

சவரிராயன் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தைப் புரட்டித் தன் பெயரை அடித்தார். ஆறு ஆண்டு உழைப்பு அது. 

 தலைவர் பூங்கோதை பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. உலகமே அடை என்கிறது. நல்ல பெயர்தானே?"

"நல்ல பேருதாங்க. அது வெளியே வந்து தட்டுல கிடந்தப்போ பார்த்தவங்க வச்சது."

"நம்முடையது?"

"வராம உள்ளேயே நின்னப்போ, பெத்தவ கையைப் பிடிச்சிருந்தவங்க வச்சது."