ஒன்பதாம் கோட்டையின் பள்ளம்

வேதமாணிக்கம் நெல்லையப்பன் அண்ணாச்சியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அறை நடுவில் நின்று காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“மாணிக்கமா? சத்தம் போடாதே. இன்னும் ஒரு அரக்கன் பாக்கி.”

வேதமாணிக்கம் காத்திருந்தார். அரக்கன் விழுந்துவிட்டான் போலிருக்கிறது. அண்ணாச்சி நின்று மூச்சு வாங்கினார்.

“உட்காரு. படிச்சுட்டியா?”

கோவில்பட்டியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கதை எழுதப் பழகுகிறவர்கள் புதன்கிழமைகளில் அங்கே ஏறிப் போவார்கள். அண்ணாச்சி யார் கதையையும் திருத்தியதில்லை. கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் ஏதாவது ஒன்று சொல்வார். ஒருவனிடம், “போய்த் தண்ணி குடி” என்றார். அவன் கீழே இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தக் கதையைக் கிழித்துப் போட்டான்.

வேதமாணிக்கத்துக்கும் அண்ணாச்சிக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். ஆனாலும் அண்ணாச்சிதான் குரு. மனைவி இறந்த பிறகு வேதமாணிக்கத்துக்குப் போக்கிடம் என்று இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

இப்போது அண்ணாச்சியே ஒரு நாவல் எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கானது. வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளையாட்டுக்குள் போகிற பையன் ஒருவன், ஒன்பது கோட்டைகளைப் பிடிக்கும் கதை. பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். அதற்காகவே அண்ணாச்சி யாரிடமோ பழைய கண்ணாடி ஒன்றை, அந்தக் கறுப்புப் பெட்டியை, வாங்கி அதே ஒன்பது கோட்டை விளையாட்டைப் பழகினார். சுவர்ப் பக்கம் போனால் சிவப்பாக ஒரு கோடு வந்து எச்சரிக்குமாம். அது தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்து வைத்திருந்தார்.

நாவல் மறுநாள் அச்சுக்குப் போவதாக இருந்தது.

“படிச்சேன் அண்ணாச்சி.”

“புதன்கிழமைக்கு வர்ற நம்ம உலகநாதன் ஒரே மூச்சில முடிச்சானாம்.”

“அவன் மதுரை பஸ்ஸுல படிச்சிருப்பான். இறங்குற இடம் வந்திருக்கும்.”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றாமலே மறுபடி காற்றை வெட்டத் தொடங்கினார்.

“அவனை விடு. நீ சொல்லு.”

வேதமாணிக்கம் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஏறி வந்தபோது, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தே விட்டிருந்தார். ஆனாலும் வியர்த்தது.

ஒரு முறை ஒருவர் அண்ணாச்சியின் கதையைச் சப்பென்று இருக்கிறது என்று சொன்னார். அடுத்த புதன்கிழமை அவருக்கு மட்டும் நாற்காலி இல்லாமல் போயிற்று. அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை.

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“நல்லா இல்லை அண்ணாச்சி.”

கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. அண்ணாச்சியின் கண்கள் பெட்டிக்குள் இருந்தன.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

“எது நல்லா இல்லை?”

“அந்தப் பையன் செத்துச் செத்து விழுறான். உடனே கோட்டை வாசல்ல எழுந்திருச்சு, தூசியைத் தட்டிக்கிட்டுப் போறான். மொதத் தடவை எனக்குப் பதறுச்சு. அப்புறம் அவன் செத்தா, நான் எந்திரிச்சுப் போய் அடுப்புல பாலை வச்சேன்.”

“விளையாட்டுன்னா அப்படித்தான்யா.”

“விளையாட்டுக்குச் சரி.”

“இந்த வயசுல, கண்ணு எரிய எரிய இதை மாட்டிக்கிட்டு, பீரோவுல முட்டி, மேசையில மோதி எழுதியிருக்கேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லுதியே.”

வேதமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப் புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கே போவது என்ற நினைப்பு வந்தது.

அண்ணாச்சி திரும்பிக்கொண்டு விடுவிடுவென்று சில எட்டுகள் வைத்தார். நின்றார்.

“இங்கே ஒரு பள்ளம் இருக்கு. ஒன்பதாம் கோட்டை அகழி. அடியே தெரியலை.”

“ம்.”

“குதிச்சாச் சாவேன். வாசல்ல எழுந்திருப்பேன். குதிக்கட்டுமா?”

“புத்தகம் பூராக் குதிச்சாச்சு. இதுக்கு மட்டும் உத்தரவா? குதிங்க” என்று சொல்லிக்கொண்டே வேதமாணிக்கம் தலையைத் தூக்கினார்.

அண்ணாச்சி கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் தூக்கியாயிற்று. அதற்குக் கீழே, தையல் கடைக்கு இறங்கும் செங்குத்தான சிமெண்டுப் படிகள்.

எப்படி அங்கே போனார் என்று வேதமாணிக்கத்துக்கே தெரியாது. பெஞ்சு கவிழ்ந்தது. அண்ணாச்சியை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

“கிறுக்குப் பயலே! கிறுக்குப் பயலே!”

குருவை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

கீழே தையல் மிஷின் நின்றது. “என்ன அங்கே?” என்று ஒரு குரல் கேட்டது. பிறகு மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அண்ணாச்சி பெட்டியைக் கழற்றினார். திறந்த கதவைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். பிறகு வேதமாணிக்கத்தின் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் அண்ணாச்சியின் வேட்டியை விடவில்லை. வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலை, மாணிக்கம். காலைத் தூக்கும்போது சிரிப்புதான் வந்துச்சு.”

“எனக்கு உயிரே போயிருச்சு.”

“ஆமா” என்றார் அண்ணாச்சி. “உனக்குத்தான் போயிருக்கு.”

தரையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியை எடுத்துப் பதிப்பாளரைக் கூப்பிட்டார்.

“அச்சுக்குக் கொடுக்காதேய்யா. … இல்லை, பிழை திருத்தம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. … ஆமா, பூராவும்தான். எழுத வேண்டிய ஆளை விட்டுட்டு வேற ஆளை எழுதிட்டேன்.”

வேதமாணிக்கம் எழுந்து பெஞ்சை நிமிர்த்தி வைத்தார்.

“கோவமா அண்ணாச்சி?”

“கோவம்தான். இறங்கிப் போ. எழுதணும்.”

பாதிப் படி இறங்கியிருப்பார். மேலேயிருந்து குரல் வந்தது.

“ஏ மாணிக்கம்! அடுத்த புதன் வந்துரு. நான் வாசிக்கேன். நீ கண்ணை மூடிக் கேளு.”

அண்ணாச்சி திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

அறையில் இப்போது தையல் கடைக்காரர் துணி மூட்டைகளை வைத்திருக்கிறார்.

மேசைமேல் இருந்த தாள்களை வேதமாணிக்கம் எடுத்து வந்தார். அதில் கோட்டை இல்லை, அரக்கன் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பி ஒருவன் வெறும் அறையில் கை வீசிக்கொண்டிருக்கிறான். அக்கா கதவருகே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றரைப் பக்கம். அவ்வளவுதான் இருக்கிறது.