வில்வநாதனின் இரும்புப் பிடி

தூத்துக்குடி ஜூடோ வகுப்பில் அணித்தலைவர் வில்வநாதன் பிடித்த சட்டையை யாரும் விடுவித்ததில்லை. மரியாதையிலும் அவர் கறார்தான். "எதிரில் நிற்பவர் குனிந்து வணங்கினால், கையைத் தொடையில் வைத்து நாமும் குனியணும். தூக்கத்திலும் மறக்கக் கூடாது!" என்பார்.

மீன் சந்தையில் வேலை பார்க்கும் சகாயமேரி சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்தாள்.

"பிடிக்கவே தெரியாத உனக்குப் போட்டியா? ஒரு நிமிஷத்தில் என் பிடியை விடுவி. இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அவளுடைய சட்டைக் கைகள் இரண்டையும் இறுகப் பற்றினார்.

மேரி இழுத்தாள், முறுக்கினாள், உதறினாள். பிடி அசையவில்லை.

"என்ன, வலையில் மாட்டிய வாளை மீனா?" என்று சிரித்தார் வில்வநாதன்.

பத்து விநாடி பாக்கி இருந்தபோது மேரி இழுப்பதை நிறுத்தினாள். பணிவாகக் குனிந்து வணங்கினாள்.

வில்வநாதனின் கைகள் தாமாகவே தொடைக்குப் போயின. அவரும் குனிந்தார். நிமிர்வதற்குள் அவருடைய கழுத்துப்பட்டியும் வலது சட்டைக்கையும் மேரியின் பிடியில் இருந்தன.

வகுப்பே கைதட்டியது. வில்வநாதன் உதறிப் பார்த்தார். முடியவில்லை. பிறகு அவசரமாக ஒருமுறை குனிந்து வணங்கினார்.

மேரி விடவில்லை.

"மன்னிச்சுக்கோங்க அண்ணே, நான் புதுசு. அந்தப் பழக்கம் இன்னும் வரலை. எழுதுற கையை மட்டும் விடுறேன், பட்டியல்ல என் பேரை எழுதுங்க."