கள்ளறையின் காவல்

கோவில்பட்டியில் ஒரு வீட்டில் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து உள்ளே இருக்கும் அடிப்பலகையை நகர்த்தினால் கீழே இன்னோர் அறை. அதற்குக் கள்ளறை என்று பெயர்.

அந்தப் பெயர்தான் அதற்குத் தீராத மனக்குறை.

"திருடுதவன் கள்ளன். நான் காவக்காரன். எனக்கு எதுக்கு இந்தப் பேரு?"

"மறைவான அறைன்னு அர்த்தம்வே," என்றது மேலறை. "களவு மணம்ங்காங்க. அதுக்காக மாப்பிள்ளை திருடனா?"

கள்ளறை சமாதானம் ஆகவில்லை.

பெட்டியின் சொந்தக்காரி செண்பகவல்லி, நர்ஸ் படிப்பு முடித்தவள். ஒருநாள் பெட்டியின் மாற்றுச் சாவியைக் கள்ளறைக்குள் போட்டாள். "இங்க வச்சா ஒருத்தரும் எடுக்க முடியாது," என்று சொல்லிக்கொண்டே பலகையை மூடி, பெட்டியையும் பூட்டினாள்.

கள்ளறைக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டீரா? இனிமே என்னைக் காவலறைன்னு கூப்பிடும்!"

மாற்றுச் சாவி மெதுவாகச் சொன்னது: "அண்ணாச்சி, நான் இந்தப் பெட்டிக்கே சாவி."

"இருந்துட்டுப் போயேன். என்னைத் தாண்டி ஒருத்தன் உன்னைத் தொட முடியுமா?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

ஆறு மாதம் கழித்து செண்பகவல்லி கையிலிருந்த சாவியைப் பேருந்தில் தொலைத்தாள். மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. சான்றிதழ்கள் எல்லாம் பெட்டிக்குள். மாற்றுச் சாவியை எங்கே வைத்தோம் என்று வீட்டையே புரட்டிப் பார்த்துவிட்டு, விடிந்ததும் தச்சர் ஆரோக்கியத்தைக் கூட்டி வந்தாள்.

"பூட்டை நெம்புனா மூடியே பேந்துரும் தாயி. கவுத்துப் போட்டு அடியைப் பிளந்துருவோமா?"

"என்னமும் செய்யுங்கண்ணே. பத்து மணிக்குள்ள போகலைன்னா வேலை போயிரும்."

உளி அடிப்பக்கத்தில் வந்து நின்றது. "கத்துங்க அண்ணாச்சி! நாம இங்க இருக்கோம்னு சொல்லுங்க!" என்று சாவி பதறியது. கள்ளறைக்கு வாய் எழவில்லை. பிறந்ததிலிருந்து அது பழகிய ஒரே வித்தை மூச்சுக் காட்டாமல் இருப்பது. அதில் மகா கெட்டிக்காரன்.

இரண்டே அடி. கள்ளறை இரண்டாகப் பிளந்தது. பிளவுக்குள் சாவி கிடப்பது தெரிந்தது.

செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "எம்புட்டுப் பத்திரமா வச்சிருந்திருக்கேன், பாத்தீங்களாண்ணே!" சாவியை எடுத்து, பெட்டியை நிமிர்த்தித் திறந்து, சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

வீடு அமைதியானது. பிளந்த பலகையோடு கிடந்த கள்ளறையிடம் மேலறை இரக்கத்தோடு கேட்டது: "இப்போ உம்மை என்னன்னுவே கூப்பிட?"

"கள்ளறைன்னே கூப்பிடும்," என்றது அது. "ஆறு மாசமா சாவியைக் களவாண்டு வச்சிருந்தவன் நான்தானே."