மஞ்சள் கோடு

பரிதி இறந்த பிறகு அவனுடைய சிவப்புக் கார் ஹனீபாவின் பட்டறையில் அப்படியே நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். யாரோ எஸ்டேட்காரர் ஒரு காலத்தில் ஆசையாக வரவழைத்து, பிறகு தேங்காய் நார் மூட்டைகளுக்குப் பின்னால் மறந்துபோன வண்டி. இன்ஜின் இறுகிப்போய் அசைய மறுத்தது. அதை எடுத்துவிட்டு வேறு இன்ஜின் வைக்கவேண்டும் என்று பரிதி சொல்லிக்கொண்டே இருந்தான். வைப்பதற்குள் போய்விட்டான்.

அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். ஆல்வின், நவநீதன், முகில். ஞாயிறுதோறும் போத்தனூரில் இருந்த அந்தப் பட்டறைக்கு வந்தார்கள். ஒரு ஞாயிறன்று பரிதியின் அம்மா தெய்வானையும் வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"எனக்கும் ஏதாச்சும் வேலை குடுங்க."

ஹனீபா அவளைவிடப் பத்து வயது இளையவர். பையன்கள் அவரைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார்.

"பாக்க வந்தீங்களா, கத்துக்க வந்தீங்களா அக்கா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பாக்க வந்தா நாற்காலி இருக்குது."

நாற்காலி வேண்டாம் என்றாள். ஹனீபா ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, துருவேறிய நட்டுகளைக் கொட்டி, கம்பி பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவளும் அவரைக் குருவே என்றாள். முதலில் கொஞ்சம் விளையாட்டாக. போகப்போக விளையாட்டு போய்விட்டது.

தெய்வானைக்குக் கவலைப்படத் தனியாகக் காரணம் வேண்டியதில்லை. பஸ் ஏறிய பிறகு இறங்கிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். மகன் இருந்தபோதே அப்படித்தான். இப்போது கேட்கவே வேண்டாம்.

"அம்மா, நீங்க கழுவுன நட்டைத் திரும்பத் திரும்பக் கழுவுறீங்க," என்றான் நவநீதன். "அது நட்டு, அரிசி இல்ல."

"அரிசின்னா ரெண்டு தடவையோட விட்டிருப்பேன்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்வினும் சிரித்தான். அவன் சிரித்ததை அவள் கவனித்தாள்.

அந்தப் பட்டறையில் ஒரு முறை இருந்தது. போல்ட்டை முடுக்குவதற்கு அளவு வைத்த ஸ்பானர் ஒன்று உண்டு. சரியான இறுக்கம் வந்ததும் டக் என்று சத்தம் கொடுக்கும். அதற்கு மேல் முடுக்கக் கூடாது. சத்தம் கேட்டதும், முடுக்கியவன் பெயிண்ட் தொட்டு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவான். ஆளுக்கு ஒரு நிறம். நவநீதனுக்கு வெள்ளை, முகிலுக்கு நீலம், ஆல்வினுக்கு மஞ்சள். கோடு விழுந்த போல்ட்டை வேறு யாரும் தொடக்கூடாது.

"ஏன் குருவே? இன்னொருத்தரும் பாத்துட்டா நல்லதுதானே?" என்று தெய்வானை கேட்டாள்.

"ஒருத்தன் போதும்னு முடிச்ச இடம் அது. அங்க இன்னொரு கை போனா, எங்க நிறுத்தறதுன்னு அந்தக் கைக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள்.

பரிதி போனது ஆல்வினின் பைக்கில். அதற்கு முந்தின நாள்தான் ஆல்வின் முன்சக்கரத்தைக் கழற்றி பஞ்சர் பார்த்து மாட்டியிருந்தான். பல்லடம் ரோட்டில் சக்கரம் ஒருபுறமும் வண்டி ஒருபுறமுமாகக் கிடந்தன. அந்த இடத்தில் பெரிய குழியும் இருந்தது. போலீஸில் குழிதான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பாடையின் ஒரு முனையை ஆல்வின்தான் தூக்கினான். அவன் எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கும் சேர்த்து டிபன் கட்டிக்கொண்டு வந்தாள்.

புது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்து, வண்டிக்குள் இறங்கி, இடத்தில் உட்கார்ந்தன. அன்றைக்குப் பையன்கள் ஆளுக்குச் சில போல்ட்டுகளை முடுக்கிக் கோடு போட்டுவிட்டு பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

பட்டறையைக் கூட்டிப் பெருக்க தெய்வானையிடம் ஒரு சாவி இருந்தது. மறுநாள் மத்தியானம், ஹனீபா சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரத்தில், அவள் நீளமான ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள். சும்மா தொட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனாள். முதல் போல்ட் அசையவில்லை. அசையவில்லை என்பது அவளுக்குப் போதவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். பிறகு இன்னொன்று. எழுந்து வரும்போது மனசு லேசாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த ஞாயிறன்று நவநீதன் டார்ச்சோடு காருக்கு அடியில் போனான். போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னடா, அங்கயே படுத்துட்டயா?" என்றான் முகில்.

"குருவே," என்றது கீழிருந்து குரல். "கியர்பாக்ஸோட காது விட்டுப்போச்சு."

போல்ட் நுழைகிற அலுமினிய வளையத்தைக் காது என்பார்கள். அது விரிசல் விட்டிருந்தது. இந்த வண்டிக்கு இன்னொரு கியர்பாக்ஸ் எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஹனீபா உள்ளே போய்ப் பார்த்தார். பிறகு ஆல்வின் போனான். டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு போல்ட்டாக நகர்ந்தது. வெள்ளைக் கோடுகள் நேராக இருந்தன. நீலக் கோடுகள் நேராக இருந்தன. மஞ்சள் கோடு ஒன்றுகூட நேராக இல்லை. போல்ட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், இரும்பில் இருந்த பாதி ஒரு பக்கம்.

தெய்வானைக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

ஆல்வின் வெளியே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான்.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் குருவே," என்றான்.

அவன் வரவில்லை. அவனுடைய டிபன் பொட்டலம் பெஞ்சின்மேல் பிரிக்காமல் கிடந்தது. மற்ற இருவரும் கொஞ்ச நேரம் எதையெதையோ எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

தெய்வானை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"குருவே, அந்த பைக்கை நீங்கதானே பாத்தீங்க?"

"ஆமாங்க்கா."

"முன்சக்கர நட்டு?"

"இல்ல. ரோட்டோரம் பூரா தேடுனோம். கெடைக்கல."

"கழண்டதுனால விழுந்தானா? விழுந்ததுல கழண்டுச்சா?"

"தெரியாது."

"உங்களுக்குமா தெரியாது?"

"பாத்தவன்தான் நான். அப்ப அங்க இருந்தவன் இல்ல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு பொய்யாவது சொல்லுங்களேன். நான் நம்பிக்கறேன்."

"எந்தப் பொய் வேணுங்க்கா? அவன் சரியா முடுக்கினான்ங்கறதா, முடுக்கலைங்கறதா?"

எதைக் கேட்டாலும் இன்னொன்று உள்ளே கிடந்து உறுத்தும் என்று தோன்றியது. தூக்கமில்லாமல் படுத்திருந்த ராத்திரிகள் எல்லாம் அவளுக்கு முன்னால் வரிசையாக நீண்டு போயின. இந்தக் கார் ஓடினாலும் அதில் ஏற ஆள் இல்லை.

நாலு நாள் கழித்து, பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"நான் இனிமே வரல குருவே. என்னால உங்களுக்கு நஷ்டம்."

"காதை வெல்டிங் வெக்கக் குடுத்திருக்கேன். மறுபடி இன்ஜினைத் தூக்கி இறக்கணும். ஆள் பத்தாது."

"ஆல்வின் வருவானா?"

"கேட்டேன். அம்மா வர்றாங்களான்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்."

அடுத்த ஞாயிறன்று அவள் போனாள். போகக்கூடாது என்று பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவதில் ஏறினாள்.

ஆல்வின் வந்திருந்தான். இளைத்திருந்தான். "வாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். அவனும் எங்கேயோ தூங்காமல்தான் கிடந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஆறுதல் வரவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல், அவனுடைய டிபன் பொட்டலத்தை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தாள்.

வெல்டிங் வைத்த கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்துக் கட்டி, உத்தரத்தில் மாட்டிய செயின் பிளாக்கில் தூக்கினார்கள். கார் நான்கு ஸ்டாண்டின்மேல் நின்றது. அதன் வாய்க்கு மேலே அத்தனை எடையும் மெதுவாக ஆடியது.

ஹனீபா ஆட்களை நிறுத்தினார். நவநீதன் ஒரு பக்கம், முகில் ஒரு பக்கம். அவர் முன்னால். பிறகு தொங்கிக்கொண்டிருந்த கைச்சங்கிலியைத் தெய்வானையிடம் நீட்டினார்.

"நானா?"

"இந்தப் பக்கம் இழுத்தா ஏறும். அந்தப் பக்கம் இழுத்தா இறங்கும். சொல்லும்போது ஒரு கண்ணி. அதுக்கு மேல வேண்டாம்."

"மாத்தி இழுத்துட்டேன்னா?"

அவர் போய் இன்ஜினின்மேல் கையை வைத்தார்.

"கீழ ஒருத்தன் போகணும்," என்றார் பொதுவாக. "கியர்பாக்ஸ் வாலைப் பிடிச்சு உள்ள விடணும்."

நவநீதனும் முகிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆல்வின் ஒரு அட்டையை இழுத்து காருக்கு அடியில் போட்டான். குனிந்தவன் நிமிர்ந்தான். சங்கிலியைப் பார்த்தான். சங்கிலியைப் பிடித்திருந்த அவளுடைய கைகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மல்லாந்து படுத்து, தலையை முதலில் விட்டு, உள்ளே நகர்ந்தான். செருப்பில்லாத இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பரிதியின் பாதங்களும் அதே அளவுதான் இருக்கும்.

"ம், இறக்குங்கம்மா," என்றது கீழிருந்து குரல்.

அவள் இறக்கவில்லை. சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டது.

"குருவே," என்றாள், கீழே கேட்காத குரலில். "இதை யாராச்சும் வாங்கிக்குங்க. என் கை நடுங்குது."

ஹனீபா இன்ஜினின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அது நடுங்கறதைப் பாத்துட்டுத்தான்க்கா அவன் உள்ள போனான்."