ஆளுக்கு நாலு மூட்டை

ஒரு கடல்ல ஒரு தீவு, பேரு நண்டுத்திட்டு. அந்தத் தீவுல ஒரு பிரகாசி. மீன் கூடை தூக்கித் தூக்கித் தோள் காய்ச்சு, சந்தையில பேரம் பேசிப் பேசித் தொண்டை கட்டையாப் போனவ. அவளும் இன்னும் மூணு பொம்பளைங்களும் சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருந்தாங்க. கரையில ஒதுங்குற குப்பையைப் பொறுக்குற சங்கம். பேனர் கிடையாது, தொப்பி கிடையாது. பொறுக்குவாங்க, மூட்டை கட்டுவாங்க, அக்கரைச் சந்தைக்கு வள்ளத்துல போறப்ப ஆளுக்கு ஒரு மூட்டையைக் கையோட கொண்டுபோய் அங்க குப்பை வண்டியில ஏத்திடுவாங்க. அவ்வளவுதான் சங்கம்.

எதுக்கு இந்தப் பாடுன்னா, அந்தத் தீவுக்கே ஒரே ஒரு கரைவலை. கடல்ல வளைச்சுப் போட்டு, ஊரே கயித்தைப் பிடிச்சுக் கரைக்கு இழுக்கிற பெரிய வலை. அடியில குப்பை கிடந்தா மாட்டிக்கிட்டு பர்ர்ருனு கிழிஞ்சிடும். கிழிஞ்சா அந்த வருஷம் ஊரே கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அந்த மாசக் கடைசியில வலை இறக்கணும்.

தூங்கிட்டியா? ம் கொட்டு. ம். அப்புறம்...

அப்போ பட்டணத்துல இருந்து ஒரு கூட்டம் வந்து இறங்குச்சு. ‘நீலக்கரை நேசர்கள்’னு பேரு. இருபது பேர், எல்லாருக்கும் ஒரே நிறத்துல பனியன், முதுகுல அலை படம். தலைவர் ரகுநந்தன். கடலைக் காப்பாத்த வந்த மனுஷன், செருப்பு நனையக் கூடாதுன்னு வள்ளக்காரன் சந்தியாகு முதுகுல ஏறிக் கரைக்கு வந்தார். சந்தியாகு யாரு? பிரகாசியோட தம்பி.

முத ஞாயிறு. சரக் சரக்னு பொறுக்கினாங்க. உண்மையைச் சொல்லணும், நல்லாத்தான் பொறுக்கினாங்க. நாப்பது மூட்டை. தண்ணி ஓரமா அழகா அடுக்கி, முன்னால நின்னு க்ளிக் க்ளிக்னு படம் எடுத்துக்கிட்டு, கையைத் தட்டிட்டு வள்ளத்துல ஏறிட்டாங்க.

“சார், மூட்டை?”ன்னு கேட்டா பிரகாசி.

“வண்டி வந்து எடுத்துக்கும்மா.”

“எந்த வண்டி?”

“குப்பை வண்டிதான்.”

பிரகாசி நாலு பக்கமும் திரும்பிக் கடலைப் பாத்தா. வண்டி எந்தப் பக்கமா நீந்தி வரும்னு யோசிச்சா. அதுக்குள்ள டபடபடபன்னு வள்ளம் போயிடுச்சு.

அன்னிக்குப் பௌர்ணமி. சாயங்காலம் தண்ணி ஏறுச்சு. சளக், சளக், சளக். நாப்பது மூட்டையும் கடலுக்குள்ள. நாலு பொம்பளைங்களும் ஒரு வாரம் இடுப்புத் தண்ணியில நின்னு பொறுக்கினாங்க. அதை யாரும் படம் எடுக்கல.

ரெண்டாவது ஞாயிறு.

“தண்ணி ஏறுமா? யாரும் சொல்லவே இல்லியே”ன்னார் ரகுநந்தன். கடல்ல தண்ணி ஏறும்னு அவருக்கு யாராவது எழுத்துமூலமா தெரிவிச்சிருக்கணும், பாவம்.

இந்தத் தடவை மேட்டுல, பனைமரத்தடியில அடுக்கினாங்க. க்ளிக் க்ளிக். போயிட்டாங்க. அப்புறம் ஆடுங்க வந்துச்சு. பிரியாணிப் பொட்டலம் உள்ள இருந்தா ஆடு சும்மா விடுமா? கர்ர், பர்ர். மிச்சத்தைக் காத்து பாத்துக்கிச்சு. எல்லாம் திரும்பவும் கடல்ல, நாலு பொம்பளைங்களும் திரும்பவும் இடுப்புத் தண்ணியில. போன வாரமாவது மூட்டையாப் போச்சு, இந்த வாரம் உதிரியாப் போச்சு.

“இனிமே வராதீங்கன்னு சொல்லிடுக்கா”ன்னான் சந்தியாகு.

“போடா இவனே. இருபது ஜோடிக் கை சும்மா வந்து இறங்குது, விடுவேனா?”

ம்? ம். கேளு.

மூணாவது ஞாயிறு. விடிஞ்சா வலை இறக்கணும். நேசர்கள் வந்தாங்க, பொறுக்கினாங்க, நாப்பது மூட்டை கட்டினாங்க. பிரகாசி எல்லாருக்கும் மோர் குடுத்தா, சிரிச்சா. நாலு மணிக்கு வள்ளத்துக்கு வந்து பாத்தா, அவ குறுக்க காலை நீட்டி உக்காந்திருக்கா. இன்ஜினைச் சுத்துற ஹேண்டில் அவ மடியில.

“ஆளுக்கு நாலு மூட்டை ஏத்துங்க, வள்ளம் கிளம்பும்.”

“என்னம்மா இது, நாங்க சேவை செய்ய வந்தவங்க.”

“பாதி ஆச்சு சார். மீதிச் சேவை அக்கரையில இருக்கு.”

“அங்க கொண்டுபோய் எங்க போடுறது?”

“உங்க ஊர்லதான் வண்டி வருமே.”

ரகுநந்தனுக்கு மூக்கு சிவந்துச்சு. “இப்படிப் பண்ணினா நாங்க இனிமே வரவே மாட்டோம்.”

“இப்போ போனாத்தானே சார் இனிமே வராம இருக்க முடியும்?”

பின்னால ஒரு பொண்ணு முனகுச்சு, “சார், கடைசி பஸ் ஆறு மணிக்கு.”

“சரி, ஒண்ணு”ன்னார் அவர்.

“மூணரை.”

“மூட்டையில ஏதும்மா அரை?”

“அவுத்துக் கட்டித் தரேன்.”

அப்போ சூரியன் ஒரு முழம் இறங்குச்சு. எல்லாரும் கடிகாரத்தைப் பாத்தாங்க. பிரகாசி வானத்தைப் பாத்தா.

“ரெண்டு. அதுக்கு மேல ஒண்ணு கூட முடியாது”ன்னார் ரகுநந்தன், பாறையைப் பேத்த மாதிரி.

“வயித்துல அடிக்கிறீங்க சார். போகட்டும், உங்க முகத்துக்காக.”

இருபது ஆளு, நாப்பது மூட்டை. அது அவளுக்கு முதல்லயே தெரியும். ரெண்டுன்னு ஆரம்பிச்சா ஒண்ணுலதான் முடியும், அதுவும் தெரியும். பேரத்துல ஜெயிச்சுட்டோம்னு ரகுநந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, மடியில ஒண்ணு, தலைக்கு மேல ஒண்ணுன்னு உக்காந்தார். ஒரு மூட்டையில இருந்து சொட்டு சொட்டுனு ஏதோ ஒழுகுச்சு. என்னன்னு யாரும் கேக்கல. மூக்கைத் திருப்பினா பக்கத்து ஆளோட மூட்டை. அன்னிக்குக் க்ளிக் சத்தமே இல்ல.

மறுநாள் காலையில ஊரே கயித்தைப் பிடிச்சுச்சு. இழு, இழு, ஏய் இழு. பிரகாசி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வலையையே பாத்துக்கிட்டு நின்னா. வந்துச்சு, வந்துச்சு, மெதுவா வந்துச்சு. ஒரு கண்ணி கிழியல. உள்ள சாளை மீன் பளபளபளன்னு துள்ளுது. அவ அங்கேயே மண்ணுல உக்காந்து வலையை விரலால தடவித் தடவிப் பாத்தா.

ம்... அப்புறம் அவங்க வந்தாங்களான்னு கேக்குறியா? ஏழு பேர் வந்தாங்க. தலைவருக்கு முதுகு வலியாம், மூட்டை இருந்தது என்னவோ மடியிலயும் தலையிலயும். வந்த ஏழு பேரும் பொறுக்கினாங்க, சாளைக் குழம்பு சாப்பிட்டாங்க, ஒருத்தரும் சொல்லாமலே மூட்டையைத் தூக்கிக்கிட்டு வள்ளத்துல ஏறிட்டாங்க. பிரகாசிக்குத்தான் அன்னிக்குப் பேரம் பேச ஆளில்லாம சாயங்காலம் வரைக்கும் வாய் நமநமன்னு இருந்துச்சு.

கதை கரை ஏறிடுச்சு. நீ கண்ணை மூடு.