எட்டாவது கண்ணி

தேவகுஞ்சரி அந்த வரைபடத்தை மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

கலியமூர்த்தி அதை வாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு வயது ஐம்பத்தாறு, அவளுக்கு நாற்பத்தொன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற மனிதர், முதுகு ஒத்துழைக்க மறுத்தபின், கன்வேயருக்குச் சங்கிலி தேர்ந்தெடுக்கும் வித்தையைக் கற்க அரியமங்கலத்தில் இருந்த அவளுடைய பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தார். அரிசி மூட்டைக்கும் செங்கல்லுக்கும் அவர் தேர்ந்த சங்கிலிகளில் அவள் இதுவரை குறை கண்டதில்லை.

இந்த வரைபடம் கொள்ளிடக் கரையில் ஒரு சிற்றூரின் எரிவாயுத் தகன மேடைக்கானது. உடலை உலையின் வாசல்வரை கொண்டுசேர்க்கும் சிறு கன்வேயர். இரண்டு சங்கிலிகள் இணையாக ஓடும். குறிப்பிட்ட சில கண்ணிகளில் மட்டும் பக்கவாட்டில் காதுபோல ஒரு தகடு நீண்டிருக்கும். எதிரெதிர்க் காதுகளின்மேல் இரும்புப் பட்டைகளைக் குறுக்கே வைத்து முடுக்குவார்கள். அந்தப் பட்டைகளின்மேல்தான் உடல் போகும்.

"எதுலம்மா தப்பு?" என்றார் கலியமூர்த்தி. "பாடையோட நூத்தம்பது கிலோன்னு கணக்குப் போட்டேன். அதுக்கு எட்டு மடங்கு தாங்கும். சூட்டுல கண்ணி இறுகாம இடைவெளி விட்டிருக்கேன். எண்ணெய் கேக்காத சங்கிலியாப் பார்த்துப் போட்டிருக்கேன்."

"பலத்துல தப்பில்லண்ணே."

"பின்னே?"

"ஒவ்வொரு எட்டாவது கண்ணிக்கும் ஒரு காது போட்டிருக்கீங்க."

"ரெண்டு அங்குலக் கண்ணி. பதினாறு அங்குலத்துக்கு ஒரு பட்டை. ஒரு ஆள் நீளத்துக்கு நாலு பட்டை கிடைக்கும். அதுக்கு மேல நெருக்கினா வீண் பாரம்."

"நாளைக்குச் சங்கிலி செய்யச் சொல்லியாகணும். காதோட செஞ்சு வந்துட்டா அப்புறம் மாத்த முடியாது. பதினஞ்சு வருஷம் அதுதான் ஓடும்." அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். "வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்."

ஐப்பசி மழை வழி நெடுகக் கூடவே வந்தது.

தகன மேடையைக் கவனித்துக்கொள்ளும் உத்திராபதி அவர்களுக்கு பெஞ்சைத் துடைத்துப் போட்டான். முழங்கைக்குக் கீழே அவன் கைகளில் ஒரு மயிர்கூட இல்லை. அங்கே ஓடிய பழைய கன்வேயரிலும் பட்டைகள் அதே பதினாறு அங்குலத்தில் இருந்ததைப் பார்த்ததும் கலியமூர்த்திக்குத் தெம்பு வந்தது.

"நான் போட்டிருக்கிற சங்கிலி யானையையே இழுக்கும்ப்பா."

"எங்க ஊர்ல யானை சாகுறதில்லைங்களே."

பதினொரு மணிக்கு ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். பருத்த உடம்பு. பழைய சங்கிலி முனகாமல் இழுத்துக் கொடுத்தது. கலியமூர்த்தி தன் குருவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுது தாண்டி ஓர் ஆட்டோ வந்து நின்றது. இளைஞன் ஒருவன் இறங்கினான். அவன் கைகளில் வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒன்று இருந்தது. பின்னால் ஒரு பெரியவர் அந்தத் துண்டின்மேல் மட்டும் குடையைப் பிடித்தபடி நனைந்துகொண்டு வந்தார்.

கலியமூர்த்தி எழுந்துவிட்டார். "இங்க ஏன் கொண்டாந்தீங்க? சின்னக் குழந்தைன்னா புதைக்கிறதுதானே வழக்கம்? நானே..."

"ரெண்டு இடத்துல வெட்டிப் பார்த்தோம்யா," என்றார் குடைக்காரர். "முழங்கால் ஆழத்துலயே தண்ணி ஊறுது. தண்ணிக்குள்ள போட இவனுக்கு மனசு வரல."

இளைஞன் கன்வேயரின் அருகே போனான். குனிந்தான். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கிடந்த வெறுமையைப் பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"அதுல வேணாம் தம்பி," என்றான் உத்திராபதி. "நடுவுல இறங்கிடும். எங்கிட்ட குடு."

அவன் கொடுக்கச் சற்று நேரம் ஆனது. உத்திராபதி வாங்கிக்கொண்டு உலையின் வாசல்வரை நடந்தான். முழங்கை வரை உள்ளே நீட்டி வைத்துவிட்டு வந்தான். வந்ததும் வாளித் தண்ணீரில் இரண்டு கைகளையும் அமிழ்த்தினான்.

"மழை மாசத்துல மூணு நாலு வரும்," என்றான், யாரிடமும் அல்லாமல்.

"இதை நீ முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

"யாரும் கேக்கலையேங்க. எவ்வளவு கனம் வரும்னுதான் எல்லாரும் கேட்டாங்க."

பட்டறைக்கு வந்ததும் கலியமூர்த்தி வரைபடத்தை மேசையில் விரித்து, எட்டு என்ற எண்ணை அழித்தார். பென்சில் அந்த இடத்துக்கு மேலேயே நின்றது.

"எத்தனாவது கண்ணிக்கும்மா போடுறது? நாலா? ரெண்டா? பிள்ளையை நான் அளக்கலையே. அளவில்லாம எதை வச்சுப் போடுவேன்?"

"அங்க நீங்க 'நானே'ன்னு ஏதோ சொல்ல வந்தீங்கண்ணே."

பட்டறையில் இரும்பு அறுக்கும் இயந்திரம் ஒன்று ஓடி ஓய்ந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பொண்ணு. நாப்பது நாள். பேர் வைக்கத்தான் நாள் பார்த்திருந்தோம். சித்திரை மாசம், பூமி காஞ்சு கிடந்துச்சு, கடப்பாரை போட்டுத்தான் வெட்டுனாங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

"எப்படித் தூக்குனீங்க?"

அவர் கைகளை நீட்டினார். இடது முழங்கை மடிந்து ஒரு தலைக்கு இடம் கொடுத்தது. வலது கை அடியில் வந்து, விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. அவர் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

தேவகுஞ்சரி அளவு நாடாவை இழுத்தாள். அவர் மேல் விரல் படாமல், ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவே கிடந்த வெறுமையை அளந்தாள்.

"நாலு அங்குலம். ரெண்டாவது கண்ணிக்கு ஒரு காது."

அவளே அதை எழுதினாள். நாடா தன் கூட்டுக்குள் சுருண்டுகொண்டது. கலியமூர்த்தியின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"அளந்தாச்சாம்மா?"

"ஆச்சு."

"கையைக் கீழ விடலாமா?"

"முடியும்போது விடுங்கண்ணே."