கட்டிப்போன பொடி

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு பெனடிக்டாவுக்கு வயது முப்பத்தேழு. சீடர் சிவசைலத்துக்கு ஐம்பத்தொன்று. சிரிக்காதீர்கள், கணக்கு சரிதான். கல்லூரியில் அவளுக்கு இயற்பியல் நடத்தியவரே அவர். இப்போது அவளிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். அவர் "மேடம்" என்பார். அவள் "சார்" என்பாள்.

மூன்று மாதம் உழைத்து அவர் ஒரு குப்பி டைட்டானியா நானோ பொடி, மாவைவிட நுண்ணிய வெள்ளைத் தூள், செய்திருந்தார். வியாழக்கிழமை அது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் போக வேண்டும். இந்த வாய்ப்பை விட்டால், அடுத்தது வருவதற்குள் ஆய்வுக் காலக்கெடுவே முடிந்துவிடும். திங்கட்கிழமை குப்பியைத் திறந்தால், பொடி கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கிறது. அடைமழையில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டது அவரேதான்.

கேட்டிருக்கலாம். பெனடிக்டா பக்கத்து அறைதான். ஆனால் தான் மதிப்பெண் போட்ட பெண்ணிடம் போய்க் கேட்க அவருக்கு நா எழவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனதும் பாதிப் பொடியைக் கல்வத்தில் கொட்டி, உலர்ந்தபடியே இடித்தார். பறந்துவிடக் கூடாதே என்று மின்விசிறியை மட்டும் நிறுத்தினார். பொடியைக் காப்பாற்றத் தெரிந்த மனுஷனுக்குத் தன் மூக்கு நினைவுக்கு வரவில்லை, பாருங்கள்!

மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்க பெனடிக்டா வந்தாள். அவர் மீசை வெளுத்திருந்தது.

"சார், அதை அப்படியே கீழ வைங்க. வெளிய வாங்க."

"கொஞ்சம்தான் மேடம்..."

"கோட்டை உதறாதீங்க. மெதுவா கழட்டுங்க."

கோட்டைப் பையில் போட்டுக் கட்டினாள். அவர் முகம் கழுவி வாய் கொப்பளிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தூசி அடங்கியபின் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய், மேசையை ஈரத்துணியால் தானே துடைத்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தவருக்கு உடம்பு கூசியது. தன் ஒன்றரை மாத உழைப்பு அந்தத் துணியில் போகிறது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து அவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம்... கட்டியை எப்படி உடைக்கிறது?"

"வாங்க சார்."

மிச்சப் பொடியிலிருந்து ஒரு சிட்டிகையைக் கண்ணாடி அடைப்புக்குள் வைத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"நனைஞ்சுட்டா பறக்காது. இனி உங்க இஷ்டப்படி உடைங்க."

அவர் ஒலி அதிர்வால் கட்டியை உடைக்கும் சோனிகேட்டர் கம்பியை முக்கி, முழு வேகத்தில் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினார். பீக்கர் கொதித்தது. தண்ணீர் பால் மாதிரி ஆனது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளையெல்லாம் அடியில் படிந்து கிடந்தது.

"அத்தனை அடி அடிச்சேனே! மறுபடி ஒட்டிக்கிச்சே மேடம்!"

அவள் மீதிப் பொடியையும் நனைத்தாள். துளி சிட்ரேட் உப்பைச் சேர்த்தாள்.

"இது ஒவ்வொரு துகள் மேலயும் படிஞ்சுக்கும். ஒண்ணு இன்னொண்ணை ஒட்ட விடாது."

பீக்கரைச் சுற்றி ஐஸ் நிரப்பினாள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். ஐந்து நொடி ஓட்டம், ஐந்து நொடி ஓய்வு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சிவசைலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நிறுத்தாம ஓட்டுங்க மேடம். இருக்கிறதே இவ்வளவுதான்."

"அதனாலதான் சார். சூடேறினா மறுபடி ஒட்டிக்கும். ஆறட்டும்."

புதன்கிழமை காலையில் ஓடி வந்து பார்த்தார். பால் அப்படியே நின்றது. அடியில் ஒரு பொட்டுகூட இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிறுத்தி நிறுத்தி ஓட்டணும்னு உங்களுக்கு யார் மேடம் சொல்லிக் குடுத்தா?"

பெனடிக்டா குப்பியின் மூடியை இறுகத் திருகி அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டாம் வருஷ வாய்மொழித் தேர்வு சார். வெளியூர்லேர்ந்து வந்த எக்ஸாமினர் கேள்வி மேல கேள்வி கேட்டார். எனக்குப் பேச்சே வரல. நீங்க அவரை டீ குடிக்க அனுப்பிட்டு எனக்குத் தண்ணி குடுத்தீங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டீங்க."

சிவசைலத்துக்கு அது நினைவே இல்லை.

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

"நான் வாயைத் திறக்கிற வரைக்கும் சார்."